கிடைத்தது என்று சொன்ன சர்வர்

அறிவுச்செல்விக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, இறங்கும். சத்தமாகப் பேசிக்கொண்டிருக்கிறாள் என்றால் பயப்பட ஒன்றுமில்லை. எதிரில் இருப்பவர் குனிந்து கேட்கவேண்டிய அளவுக்குக் குரல் தணிந்துவிட்டால், அலுவலகத்தில் ஒவ்வொருவராக டீ குடிக்கக் கிளம்பிவிடுவார்கள்.

அந்த அலுவலகம் திருச்செங்கோட்டில், சங்ககிரி ரோட்டில், டயர் ரீட்ரெடிங் பட்டறை ஒன்றின் மேல்மாடியில் இருந்தது. ஜன்னலைத் திறந்தால் வெந்த ரப்பர் வாசம் வரும், மூடினால் புழுங்கும். முதலாளி ஜெகதீஸ்வரன். பள்ளிக்கூடம், ஜவுளிக்கடை, கோழிப்பண்ணை, கல்யாண மண்டபம், லாரி புக்கிங் ஆபீஸ் என்று யார் வந்து கேட்டாலும் வெப்சைட்டோ ஆப்போ செய்து கொடுப்பார். செய்ததை இன்டர்நெட்டில் ஏற்றி, நிற்காமல் ஓடும்படி பார்த்துக்கொள்வதும் அவர் கம்பெனியின் பொறுப்பு. அந்தப் பொறுப்பு முழுக்க அறிவுச்செல்வியின் தலையில் இருந்தது.

ஏற்றுகிற இடம் ஒரே ஒரு சர்வர். மும்பையில் எங்கோ ஏசி போட்ட கட்டடத்துக்குள் வாடகைக்கு எடுத்திருந்த கம்ப்யூட்டர். அத்தனை வாடிக்கையாளர்களின் ஆப்புகளும் அதற்குள்தான் குடியிருந்தன. புதிதாக வருகிறவர்களுக்கு இதை விளக்கும்போது அவள் லைன் வீட்டைச் சொல்வாள். ஒரே காம்பவுண்டு, வரிசையாக வீடுகள், மேலே எல்லோருக்கும் பொதுவாக ஒரு தண்ணீர்த் தொட்டி. ஒரு வீட்டுக்காரர் குழாயைத் திறந்துவிட்டுத் தூங்கிப்போனால் அடுத்த வீட்டில் சோறாக்கத் தண்ணீர் இருக்காது. அதனால் ஒவ்வொரு ஆப்புக்கும் இவ்வளவுதான் இடம், இவ்வளவுதான் வேகம், தாண்டினால் அது மட்டும் தானாக நின்றுபோகும் என்று கட்டுப்பாடு வைத்திருந்தாள். ஒரு ஆப்பின் பாஸ்வேர்டு வெளியே போனாலும் அடுத்ததற்குள் யாரும் நுழைய முடியாதபடி தனித்தனிப் பூட்டு. யாரும் கேட்டுச் செய்த வேலையல்ல இது. செய்யாமல் இருந்தால் அவளுக்குத் தூக்கம் வராது.

லைன் வீடு அவளுக்கு நன்றாகத் தெரிந்த இடம். பள்ளிபாளையத்தில் ஆற்றுக்குப் பக்கத்தில் அப்படியொரு லைன் வீட்டில்தான் வளர்ந்தாள். அப்பா விசைத்தறி ஓட்டினார், அம்மா மயிலம்மாள் அதே பட்டறையில் தறிக்கான ஊடை நூலைத் தார்க்குச்சிகளில் சுற்றினார். தறிச் சத்தத்தில் அந்த வீதியே கத்தித்தான் பேசும். கத்துவது அங்கே கோபத்துக்கு அடையாளமில்லை. மயிலம்மாளுக்குக் கோபம் வந்தால் கிட்டத்தில் வந்து காதோடு சொல்வார். மகளுக்கும் அதுவே ஒட்டிக்கொண்டது.

எம்.சி.ஏ. முடித்துப் பெங்களூர் போனாள். அங்கே சில வருடம் பெரிய பெரிய சர்வர்களைப் பார்த்துக்கொண்டாள். அப்பா படுத்த படுக்கையானதும் திரும்பி வந்தவள், அவர் போன பிறகும் இங்கேயே தங்கிவிட்டாள். வளவனைக் கட்டிக்கொண்டாள். அவனுக்கு லாரிகளுக்கு இன்சூரன்ஸ் போட்டுக் கொடுக்கும் வேலை. பாதி நாள் நாமக்கல்லில் இருப்பான். பெங்களூர் சம்பளத்தை நினைத்து அவள் ஒருநாளும் பெருமூச்சு விட்டதில்லை. தப்பான வேலையைச் செய்யச் சொன்னால் மட்டும் எந்த ஊராக இருந்தாலும் அவளுக்குப் பொறுக்காது.

திருச்செங்கோட்டில் வீதிக்கு ஒரு வீட்டிலாவது ரிக்குக்கு, அதாவது ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போடும் வண்டிக்கு, வேலைக்குப் போன ஆள் இருப்பான். பொங்கல் முடிந்து கிளம்பினால் வடக்கே எந்த மாநிலத்தில் எந்தக் காட்டில் துளை போட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியாது. போன் அடிக்கும், அடிக்காது. அறிவுச்செல்வியின் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருந்த ஜோதியின் கணவன் ஆண்டி அப்படிப் போகிறவன்தான். ஒருமுறை வாரக்கணக்கில் அவனிடமிருந்து பேச்சே இல்லை. ஜோதி கைக்குழந்தையோடு வந்து, "எங்கிருக்காருன்னு மட்டும் தெரிஞ்சாப் போதுங்க்கா, பேசக்கூட வேண்டாம்" என்றாள்.

அந்த வார்த்தையிலிருந்து பிறந்ததுதான் அந்த ஆப். அறிவுச்செல்வி தன் விடுமுறைகளில் உட்கார்ந்து எழுதினாள். வண்டியில் இருக்கும் ஒரு போன், வண்டி நிற்கும் இடத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கும். வீட்டில் இருப்பவர்கள் தங்கள் போனில் பார்த்துக்கொள்ளலாம். கூடவே ஒரு சிவப்புப் பொத்தான். அதில் 'உதவி' என்று எழுதியிருக்கும். வடக்கே போர் போட்டுத் தண்ணீர் வராவிட்டால் சில ஊர்களில் வண்டியையும் ஆட்களையும் பிடித்து வைத்துக்கொள்வது நடக்கிறதுதான். அந்த மாதிரி நேரத்தில் பொத்தானை அமுத்தினால், அக்கம்பக்கத்து ஊர்களில் வேலை செய்யும் மற்ற திருச்செங்கோட்டு வண்டிகளுக்கும், முதலாளிக்கும், வீட்டுக்கும் ஒரே சமயத்தில் செய்தி போகும். செய்தி சர்வரை எட்டிவிட்டால் அமுத்தியவன் போனில் பச்சை டிக் வரும்.

ஆண்டியின் வண்டி முதலாளி சின்னண்ணன்தான் முதலில் அதை வைத்துப் பார்த்தார். அவர் சொல்லி மற்ற வண்டிக்காரர்களும் சேர்ந்தார்கள். ஜெகதீஸ்வரன் தன் சர்வரில் அதற்கு இடம் கொடுத்தார். புது வாடிக்கையாளர் யார் வந்தாலும், "ரிக் ஆப் நம்முளுதுதாங்க" என்று முதலில் அதைத்தான் திறந்து காட்டுவார்.

அட்சய திருதியைக்குக் கொஞ்ச நாள் முன்பு அவருடைய மச்சானின் நகைக்கடைக்கு ஒரு விளம்பர ஆப் வந்து சேர்ந்தது. போனில் ஒரு சக்கரத்தைச் சுற்றிவிடவேண்டும். முள் நிற்கும் இடத்தைப் பொறுத்துச் செய்கூலியில் தள்ளுபடி. வெளியாள் ஒருவர் அவசரமாக எழுதிக் கொடுத்தது. அறிவுச்செல்வி அதைத் தன் கம்ப்யூட்டரில் ஓடவிட்டுப் பார்த்துவிட்டு நேராக முதலாளியின் அறைக்குப் போனாள்.

"இத நம்ம சர்வர்ல ஏத்த முடியாதுங்ண்ணா."

"ஏன் அம்மிணி?"

"ஒவ்வொருத்தர் சக்கரத்தச் சுத்தறப்பவும் டேட்டாபேஸ்ல ஒரு கதவத் தொறக்குது. தொறந்தத மூடறதே இல்ல. டேட்டாபேஸ் எல்லாத்துக்கும் பொது, நான் வெச்ச கட்டுப்பாடு அதுல நிக்காது. பத்துப் பேரு சுத்துனாத் தெரியாது. கடைக்காரரு பேப்பர்ல விளம்பரம் குடுத்து ஊரே சுத்துச்சுன்னா மத்த எல்லா ஆப்பும் மூச்சு முட்டிப் போயிரும்."

"ஒரு வாரத்துக் கூத்துதான? முடிஞ்சதும் எடுத்துப்போடலாம்."

"எழுதுனவருகிட்டயே திருப்பிக் குடுத்துச் சரி பண்ணச் சொல்லுங்க. இல்லீன்னா அதுக்குன்னு தனியா ஒரு சர்வர் புடிங்க. ரெண்டுல ஒண்ணு."

"என்ற மச்சான்கிட்டப் போயி உன்ற ஆப் ஆகாதுன்னு சொல்லச் சொல்றயா?"

"நீங்க சொல்ல வேண்டாங்க. நான் சொல்றன்."

ஜெகதீஸ்வரன் சிரித்தார். "செரி, பாக்கலாம் போ" என்றார். அவர் 'பாக்கலாம்' என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த வாரம் அம்மாவுக்கு ஈரோட்டில் கண் ஆபரேஷன். அதன் நினைப்பில் இருந்தாள். "நான் வர்ற வரைக்கும் அத யாரும் தொட வேண்டாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு லீவில் போனாள்.

சர்வரின் சாவி ஜெகதீஸ்வரனிடமும் ஒன்று இருந்தது. முதலாளியிடம் இருக்கத்தானே வேண்டும். அவள் ஈரோடு பஸ் ஏறிய மறுநாளே அந்தச் சாவியைச் சக்கரத்தை எழுதியவரிடம் கொடுத்து ஏற்றச் சொல்லிவிட்டார்.

அவள் சொன்னபடியே நடந்தது. நகைக்கடை விளம்பரம் வந்த அன்றே சர்வர் திணறியது. பள்ளிக்கூடத்திலிருந்து போன், ஜவுளிக்கடையிலிருந்து போன். சக்கரத்தை எழுதியவர் எந்த ஆப் ஓயாமல் சர்வரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பார்த்தார். வண்டிகளின் இருப்பிடத்தை இடைவிடாமல் வாங்கிக்கொண்டிருந்த ரிக் ஆப்தான் கண்ணில் பட்டது. நிறுத்தலாமா என்று கேட்டார். ஜெகதீஸ்வரன், "ரிக்குதான, நிறுத்து. ரெண்டு நாளுல யாரு கேக்கப்போறா" என்றார். வெறுமனே நிறுத்தினால் எல்லோர் போனிலும் 'பிழை' என்று வருமே, உடனே சத்தம் போடுவார்களே என்று அந்த ஆள் இன்னொரு வேலையும் செய்தார். ரிக் ஆப்பின் முகவரிக்கு வரும் எல்லாவற்றையும் ஒரு வெற்றுப் பக்கத்துக்குத் திருப்பிவிட்டார். ஏதோ ஒரு கோயில் கோபுரப் படம், கீழே 'விரைவில் வருகிறோம்.' அந்தப் பக்கம் யார் என்ன அனுப்பினாலும் வாங்கிக்கொண்டு, 'கிடைத்தது' என்று பதில் சொல்லும்.

வண்டி கடைசியாக நின்ற இடத்தைத்தான் வீட்டிலிருந்த பெண்களின் போன்கள் காட்டிக்கொண்டிருந்தன. யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

அறிவுச்செல்வி அம்மாவைக் கறுப்புக் கண்ணாடியோடு கூட்டிக்கொண்டு வந்து பள்ளிபாளையத்தில் விட்டுவிட்டு, மத்தியானம் திருச்செங்கோடு வந்து சேர்ந்தபோது ஜோதி அவள் வீட்டு வாசலில் நின்றிருந்தாள். அழுது முடித்த முகம்.

"அக்கா, இவர அடிச்சுப்போட்டாங்க. அங்க ஆஸ்பத்திரில கெடக்கறாரு. பொத்தான அமுத்துனாராமா. பச்ச டிக்கு வந்துச்சாமா. ஏனுங்க்கா யாரும் வரல? எனக்கும் ஒண்ணும் வரலியே."

அறிவுச்செல்வி பையைக் கீழே வைக்கவில்லை. ஜோதியின் போனை வாங்கி ஆண்டியைக் கூப்பிட்டாள். அவன் நடந்ததைச் சொன்னான். சத்தீஸ்கரில் ஒரு கிராமம். இரண்டு இடத்தில் போட்டும் தூசிதான் பறந்தது. போர் போடச் சொன்னவர் மாட்டை விற்றுப் பணம் கட்டியவர். தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அவர் அண்ணன் தம்பிகள் வண்டி நகரக்கூடாது என்றார்கள். பேச்சு முற்றும்போதே ஆண்டி கம்ப்ரஸருக்குப் பின்னால் போய் பொத்தானை அமுத்திவிட்டான்.

"டிக்கு வந்துச்சுங்க்கா. அந்தப் பக்கத்துல நம்மூரு வண்டி ஒண்ணு வேல செஞ்சுட்டு இருந்துச்சு, எனக்குத் தெரியும். எப்படியும் ஒரு மணி நேரத்துல வந்துருவாங்கன்னு போன மடியில ஒளிச்சு வெச்சுட்டு உக்காந்துட்டேன். எங்க பசங்க ஓடிரலாம்னாங்க. பக்கத்துலயே கரும்புக்காடு. நாந்தான் வேண்டாம், ஆளு வாராங்கன்னு சொன்னேன்."

ஆள் வரவில்லை. பொழுது இறங்கியதும் கட்டைகளோடு கூட்டம் சேர்ந்தது. மற்றவர்களுக்கு உடம்பில் அடி. ஆண்டிக்கு இடது காதோடு சேர்த்து விழுந்தது. மறுநாள் அந்த ஊர் ஆசிரியர் ஒருவர் குறுக்கே புகுந்துதான் விடுவித்தார்.

"காதுல ஒரே இரைச்சலுங்க்கா. அந்தப் பக்கம் ஒண்ணும் கேக்கறதில்ல" என்றான்.

அவள் தன் போனில் ரிக் ஆப்பின் முகவரியைத் திறந்து பார்த்தாள். கோபுரம் வந்தது. விரைவில் வருகிறோம்.

வாசற்படியிலேயே உட்கார்ந்து லேப்டாப்பை விரித்துச் சர்வருக்குள் போனாள். வருகிற போகிற எல்லாவற்றையும் சர்வர் தானாகக் குறித்துக்கொள்ளும். ஆண்டியின் போனிலிருந்து செய்தி வந்திருந்தது. ஒருமுறையல்ல, பொழுது இறங்கிய பிறகு மறுபடி, மறுபடி. ஒவ்வொன்றுக்கும் அந்தக் கோபுரப் பக்கம் 'கிடைத்தது' என்று பதில் சொல்லியிருந்தது. அடிவாங்கிக்கொண்டே ஒருத்தன் கூப்பிட்டிருக்கிறான்; சர்வர் அவனிடம் ஆகட்டும், ஆகட்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. முதல் வேலையாக அந்தக் கோபுரப் பக்கத்தை எடுத்துப்போட்டுவிட்டு அலுவலகத்துக்குக் கிளம்பினாள்.

ஜெகதீஸ்வரன் அறையில் மச்சானோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். சக்கரம் நன்றாகச் சுற்றுகிறதாம். அவள் எதிரில் போய் நின்றாள். அவர் போனை வைத்ததும் நடந்ததைச் சொன்னாள். ஒரு வார்த்தை கூட்டவில்லை.

அவர் முகம் வெளுத்தது உண்மை. பிறகு, "உசுருக்கு ஒண்ணுமில்லீல்ல?" என்றார்.

"ஒரு காது போச்சுங்க."

"நான் என்ன வேணும்னா பண்ணுனேன்? இப்புடி ஆகும்னு யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியுங்க. சொல்லிப்போட்டுத்தான போனேன்."

"சர்வர் மூச்சு முட்டும்னுதான சொன்ன. ஆள அடிப்பாங்கன்னா சொன்ன?"

அறிவுச்செல்வி மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "உதவின்னு எழுதியிருக்கற பொத்தானுங்க அது. நிறுத்தச் சொன்னப்ப அது என்னத்துக்குன்னு உங்களுக்குத் தெரியாதா? வர்றவங்களுக்கெல்லாம் நீங்கதான அமுத்திக் காட்டுவீங்க?"

வெளியில் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. அலுவலகம் டீக்கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது.

மறுநாள் சின்னண்ணனும் இன்னும் இரண்டு வண்டிக்காரர்களும் மாடி ஏறி வந்தார்கள். சின்னண்ணன் வெள்ளை வேட்டி சட்டையில், மூச்சு வாங்க வந்து உட்கார்ந்தார். ஜெகதீஸ்வரனுக்கு அவர் தூரத்துச் சொந்தத்தில் மாமா முறை. ஜெகதீஸ்வரன் எல்லோருக்கும் இளநீர் வரவழைத்தார். பிறகு, ராத்திரியெல்லாம் யோசித்து வைத்திருந்ததுபோல் மளமளவென்று சொன்னார்.

"மும்பைல அந்த பில்டிங்ல கரண்ட் பிரச்சினைங்க மாமா. நம்ம கையில ஒண்ணுமில்ல. நம்ம அறிவு ஊருல இல்லாத நேரம் வேற. வேணும்னா அதையே கேட்டுப் பாருங்க."

சொல்லிவிட்டு அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் அதட்டலும் இருந்தது, கெஞ்சலும் இருந்தது. அவள் ஊரில் இல்லாததைச் சேர்த்துக்கொண்டதுதான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. பொய்யில் தனக்கும் ஒரு பங்கு வைத்துவிட்டாரே.

"கரண்டெல்லாம் ஒண்ணும் போகலீங்க" என்றாள். அது காதில் விழச் சின்னண்ணன் முன்னால் குனியவேண்டியிருந்தது. "இவரு மச்சான் கடச் சக்கரம் சுத்தோணும்னு உங்க ஆப்ப நிறுத்திப்போட்டாங்க. நிறுத்துனது வெளிய தெரியக்கூடாதுன்னு, யாரு கூப்புட்டாலும் கெடச்சுதுன்னு பதில் சொல்ற மாதிரி பண்ணி வெச்சாங்க. ஆண்டி நம்பி உக்காந்துட்டான்."

கீழே பட்டறையில் அச்சுத் திறக்கும்போது ஆவி பீறிடும் சத்தம் மட்டும் வந்தது. சின்னண்ணன் இளநீரைத் தரையில் வைத்தார்.

"நெசமா மாப்ளே?"

ஜெகதீஸ்வரன் தலையை ஆட்டினார். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், அப்படியில்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

சின்னண்ணன் எழுந்து நின்று நாலு வார்த்தை கேட்பார் என்று அவள் எதிர்பார்த்தாள். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கூட வந்தவர்களைப் பார்த்தார். "செரி, நடந்தது நடந்துபோச்சு. இத வெளிய பேசிட்டுத் திரிய வேண்டாம். நம்ம ஆளுக ஆப்ப நம்ப மாட்டாங்க, அப்பறம் வடக்க போறதுக்கே ஒருத்தனும் வர மாட்டான். நம்முளுக்குள்ள பேசி முடிச்சுக்கலாம் கண்ணு" என்றார்.

ஜெகதீஸ்வரன்மேல் இருந்த கோபத்துக்கு அவளுக்கு ஓர் அளவு தெரிந்திருந்தது. இந்தக் கோபத்துக்கு அளவு தெரியவில்லை. தன் வண்டியில் போனவன் காதைப் பறிகொடுத்துக் கிடக்கிறான். இவருக்கு அடுத்த நடைக்கு ஆள் கிடைக்குமா என்பதுதான் கவலை.

"ஆண்டிகிட்ட யாருங்க சொல்றது?"

"என்னன்னு?"

"அவன் கூப்புட்டது ஏன் யாருக்கும் கேக்கலீன்னு. ரெண்டு பேருல ஒருத்தரு போயி சொல்லோணுமுங்க. போவீங்களா?"

சின்னண்ணன் ஜன்னல் பக்கம் பார்த்தார். ஜெகதீஸ்வரனுக்கு அப்போதுதான் கோபம் வந்தது. "அம்மிணி, நீ இங்க சம்பளத்துக்கு இருக்கற. அது நெனப்புல இருக்கட்டும்" என்றார்.

"அது முடிஞ்சுபோச்சுங்க" என்றாள். சின்னண்ணன் பக்கம் திரும்பி, "ஆப்பு வண்டிக்காரங்க எல்லாத்துக்குஞ் சேந்ததுங்க. இங்கிருந்து எடுக்கட்டுங்களா, வேண்டாமுங்களா? அத மட்டும் சொல்லுங்க" என்றாள்.

"எடு சாமி" என்றார் அவர், அவள் முகத்தைப் பாராமல்.

எடுத்தாள். அன்றைக்கே தனியாகச் சின்னதாக ஒரு சர்வர் பிடித்து, ரிக் ஆப்பை அதில் கொண்டுபோய் வைத்தாள். பொதுத் தொட்டியை நம்பவேண்டாத தனிக்குடித்தனம். வண்டிகள் ஒவ்வொன்றாக மறுபடியும் வரைபடத்தில் தெரிய ஆரம்பித்தன. எந்தப் பொத்தானையும் நம்பாமல் ஒவ்வொரு வண்டியையும் போனில் கூப்பிட்டு, அமுத்திப் பார்க்கச் சொல்லி, செய்தி உண்மையாகவே வந்து சேர்கிறதா என்று பார்த்தாள்.

அந்த வேலையின் நடுவில்தான் தன் கோபத்தில் தனக்கும் சேரவேண்டியது கொஞ்சம் இருப்பது தெரிந்தது. பச்சை டிக் வருவதற்கு அவள் வைத்திருந்த விதி, சர்வர் பதில் சொன்னால் போதும் என்பது. பதில் சொல்வது தன் ஆப்தானா, வேறு ஏதாவதா என்று கேட்கும் ஒரு வரியை அவள் எழுதவில்லை. யார் வேண்டுமானாலும் அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு 'கிடைத்தது' என்று சொல்லலாம் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. அந்த வரியை அன்றைக்கே எழுதிச் சேர்த்தாள்.

ஆண்டியை ரயிலில் கூட்டிவந்து சேலத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அறிவுச்செல்வி போனாள். ஜோதி கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தாள். அவன் வலது காது இருக்கும் பக்கமாகப் போய் நின்று, நகைக்கடையைச் சொன்னாள், கோபுரத்தைச் சொன்னாள், கடைசியில் தான் எழுதாமல் விட்ட வரியையும் சொன்னாள். ஆண்டி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான்.

"டிக்கு வராம இருந்திருந்தா நான் ஓடியிருப்பேங்க்கா" என்றான். குற்றம் சொல்லும் குரல் இல்லை அது. நடந்ததைச் சரிபார்த்துக்கொள்கிற குரல். அதுதான் தாங்க முடியவில்லை.

ஜோதி தலை நிமிரவில்லை. அதன் பிறகு வெகுநாள் அவள் அறிவுச்செல்வியோடு பேசவில்லை. வீதியில் எதிரே வந்தால் குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டு போய்விடுவாள். அறிவுச்செல்வி அதற்குக் கோபப்படவில்லை.

அட்சய திருதியை அமோகமாக முடிந்தது. நகைக்கடை வாசலில் கூட்டம் தாங்கவில்லையாம். மச்சான் பிளெக்ஸ் வைத்து ஜெகதீஸ்வரனுக்கு நன்றி சொன்னார். புதிய பஸ் ஸ்டாண்டு போகும் வழியில் ஜெகதீஸ்வரன் படம் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தது. அறிவுச்செல்வி வீட்டில் உட்கார்ந்து, அந்தச் சர்வரில் இன்னும் குடியிருந்த வாடிக்கையாளர்களை ஒவ்வொருவராக போனில் கூப்பிட்டாள். "உங்க ஆப்பு இருக்கற எடத்துல இப்புடி நடந்துச்சுங்க. உங்குளுதையும் ஒருநா நிறுத்திப்போட்டு ஓடுதுன்னே சொல்லுவாங்க. தெரிஞ்சுக்கங்க." சிலர் பதறிப்போய் வெளியேறினார்கள். பெரும்பாலோர், வேறு இடத்தில் வாடகை கூடுமே என்று அங்கேயே இருந்துவிட்டார்கள். ஒரு பள்ளிக்கூடத் தாளாளர், "உங்களுக்குள்ள ஏதோ சண்ட போல" என்று போனை வைத்தார்.

ஜெகதீஸ்வரன் வளவனைக் கூப்பிட்டார். "என்ற பொழப்பக் கெடுக்குது உன்ற பொண்டாட்டி. வக்கீல் நோட்டீசு வரும்னு சொல்லு."

வளவன் போனை ஸ்பீக்கரில் போட்டு அவளிடம் நீட்டினான். "அனுப்புங்க" என்றாள். "கோர்ட்டுல கேப்பாங்க இல்லீங்களா, அங்க வந்து எல்லாத்தையும் சொல்லிப்போடறேன்." நோட்டீஸ் வரவில்லை.

வண்டிக்காரர்கள் சங்கத்தில் அவளைக் கூப்பிட்டு, ஆப்பைப் புதுப்பித்துக் கொடுத்ததற்குப் பொன்னாடை போர்த்த ஏற்பாடு செய்திருந்தார்கள். அவள் பொன்னாடையை மடித்து மேசைமேலேயே வைத்துவிட்டு மைக் இல்லாமல் பேசினாள். பச்சை டிக்கைக் கம்ப்யூட்டர் போடக்கூடாது. சங்கத்து அறையில் ஒரு ஆள் உட்கார்ந்து, செய்தி வந்ததும் பக்கத்து வண்டியோடு பேசி, கிளம்பிவிட்டார்கள் என்று தெரிந்த பிறகு அவன் கையால் போடவேண்டும் என்றாள். அதற்கு ஒரு ஆளா, சும்மா உட்கார வைத்துச் சம்பளமா என்று முணுமுணுத்தார்கள்.

"வண்டிக்குத் தொள போடற ராடு மாத்தறதுக்குச் செலவப் பாத்து யோசிக்கறீங்களா?" என்று கேட்டாள். "ஆண்டிக்கு அடிபட்டப்பறம் உங்கள்ல ஒருத்தராவது அவன் ஊட்டுக்குப் போயி ஜோதியப் பாத்தீங்களா?"

முன்வரிசையில் இருந்த சின்னண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலை நிமிராமலே, "வைக்கலாம்" என்றார். அவர் சொன்னதும் மற்றவர்களும் வைக்கலாம் என்றார்கள்.

அந்த நாற்காலியில் இப்போது ஆண்டி உட்கார்ந்திருக்கிறான். இந்தி தெரியும், வடக்கே ஊர் ஊராகத் தெரியும். போனை வலது காதில் வைத்துக்கொண்டு ராய்ப்பூர் பக்கத்து ஆளிடமும் நாக்பூர் பக்கத்து ஆளிடமும் நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருப்பான். மறுபடி வண்டிக்குப் போகும் எண்ணம் இல்லை என்கிறான். ஜோதி அவனுக்குச் சோறு கொண்டுபோகும்போது, அறிவுச்செல்வி அங்கே இருந்தால் அவளுக்கும் ஒரு கரண்டி போடுகிறாள்.

அறிவுச்செல்வி ராசிபுரம் போகும் ரோட்டில் ஒரு அறை எடுத்து, ஜெகதீஸ்வரனிடமிருந்து வெளியேறிய வாடிக்கையாளர்கள் சிலரை வைத்துக்கொண்டு தனியாக நடத்துகிறாள். ஆடியில் இருவருக்கும் தெரிந்தவர் வீட்டுக் கிடாவெட்டு விருந்து ஒன்றில் ஜெகதீஸ்வரன் அவளைப் பார்த்தார். பந்தியில் அவர் இலைக்கு எதிர் இலை. குழம்பு வாளி போகும்வரை பொறுத்திருந்து, "கோவமெல்லாம் ஆறிப்போச்சா அம்மிணி?" என்று கேட்டார்.

"இல்லீங்க" என்றாள்.

மேற்கொண்டு அவள் ஏதாவது சொல்வாள் என்று அவர் காத்திருந்தார். அவள் சாப்பிட்டு முடித்து, இலையை மடித்து வைத்துவிட்டுக் கைகழுவப் போனாள்.